கரண்ட் போய் வந்தால் நம்பர் மாறுகிறது: ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், தலைவலி

ரசீதுக்கடை | திங்கள், காலை 11:20

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி கணக்கு, ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம் உண்டு. ஆறு கம்ப்யூட்டர், நெட்வொர்க்கில் ஒரு பிரின்டர், கேமராவுக்கு ஒரு பெட்டி.

முன்பு இருந்த இணைப்பில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் நம்பரை, கையால் போட்டு வைத்திருந்தார்கள். எதற்கு எது என்று சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததில் அதுவும் போயிற்று. போன மாதம் ஃபைபருக்கு மாறினேன். பெட்டி மாட்ட வந்த பையன் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நெட் வருகிறதா என்று பார்த்தான். "மத்ததையெல்லாம் ஆட்டோமேட்டிக்ல போட்டுக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். நானும் யூடியூபைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டேன்.

இப்போது நிலைமை இதுதான். மூன்றில் நெட் வருகிறது, பிரின்ட் போகிறது. இரண்டில் வயர் மாட்டியிருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் நெட்டும் இல்லை, பிரின்ட்டும் இல்லை. அந்த இரண்டும் தங்களுக்குள் ஃபைல் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன, மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆறாவதில் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு நம்பர், அதில் எதுவுமே நடக்கவில்லை. கரண்ட் போய் வந்தால் நன்றாக இருந்த மூன்றில் ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆறாவது மட்டும் என்றைக்கும் ஒரே மாதிரி. 20ம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | திங்கள், காலை 11:26

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பாதி வியாதிக்கு அதுதான் மருந்து.

ரசீதுக்கடை | திங்கள், காலை 11:31

செய்தாயிற்று. செய்த பிறகு இன்னொன்றும் படுத்துவிட்டது. இப்போது வேலை செய்வது இரண்டுதான்.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், மதியம் 12:05

அக்கா, இனி எதையும் மாற்றாதீர்கள். முதலில் பார்த்துவிடலாம்.

தானாக வருவதற்குப் போட்டது சரியாகப் போட்டதுதானா என்று ஒரு முறை சரிபாருங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று உள்ளே போனால் ஐபி அசைன்மென்ட் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் எடிட். அதில் மேனுவலை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக். அதற்குக் கீழேயே டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்கிறவருக்கு, தனியாக இன்னொரு எடிட் இருக்கிறது, பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. பழைய விண்டோஸ் என்றால் ரன் பெட்டியில் என்சிபிஏ புள்ளி சிபிஎல் என்று அடித்து, ஈதர்நெட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் ஐபி வெர்ஷன் 4. அங்கே மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். இரண்டிலுமே "அப்டெயின் ஆட்டோமேட்டிக்கலி" என்று இருக்க வேண்டும். கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆறு கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று அடியுங்கள். பெரிய பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். நான்கே வரி போதும்: டிஹெச்சிபி (நம்பரைத் தானாகக் கொடுக்கும் முறை) எனேபிள்டா, ஐபி எது, டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்) எது, டிஹெச்சிபி சர்வர் எது. கடைசி வரிதான் எனக்கு முக்கியம்.

பழைய_கேபிள் | திங்கள், மதியம் 12:40

அம்மா, இவ்வளவு சுற்று எதற்கு? நான் பாரிமுனையில் பிரவுசிங் சென்டர்கள் ஓடிய காலத்திலிருந்து வயர் இழுப்பவன். இருபது சிஸ்டம் என்றால் 192.168.1.11 முதல் 30 வரை கையால் போட்டுவிட்டுப் போவேன். பத்து வருடம் ஆனாலும் அந்த நம்பர் அசையாது. கரண்ட் போனாலும் வந்தாலும் அதே நம்பர். தானாக வருவது தானாகத்தான் போகும். ஆறு கம்ப்யூட்டருக்கு அரை மணி நேர வேலை. கையால் போட்டுவிட்டு 3பி வேலையைப் பாருங்கள்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | திங்கள், மதியம் 12:48

பென்சிலில் எழுதி வைத்தால் சுண்ணாம்பு அடிக்கும்போது போய்விடுமே அண்ணே.

பழைய_கேபிள் | திங்கள், மதியம் 12:52

பெயின்ட்டில் எழுத வேண்டும் தம்பி.

ரசீதுக்கடை | திங்கள், பிற்பகல் 3:15

கூட்டம் கொஞ்சம் குறைந்தது, உட்கார்ந்து எழுதினேன். கேட் தம்பி, நீங்கள் கேட்டது.

1ம் நம்பர், 4ம் நம்பர்: டிஹெச்சிபி எஸ். ஐபி 192.168.1.103, 192.168.1.107. கேட்வே 192.168.1.1. சர்வரும் 192.168.1.1.

2, 3, 5: இவையும் எஸ். ஐபி 192.168.0.100, 101, 102. கேட்வே 192.168.0.1. சர்வர் 192.168.0.1.

6: எஸ்தான். 169.254.88.17. கேட்வே காலி. சர்வர் வரியே இல்லை.

புள்ளிக்குப் பிறகு 1 இருக்கிற இடத்தில் 0 இருக்கிறது. அச்சுப்பிழை மாதிரி. இதற்கா இவ்வளவு?

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், பிற்பகல் 3:40

அச்சுப்பிழை இல்லை அக்கா. உங்கள் கடையில் நம்பர் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அதற்கு யாரையும் தெரியாது, தன் முகவரியும் தெரியாது. அதனால் வயரில் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும்: யாராவது இருக்கிறீர்களா, எனக்கு ஒரு முகவரி வேண்டும். இது டிஸ்கவர். அந்த வயரில் இருக்கும் எல்லோருக்கும் அது கேட்கும். முகவரி கொடுக்கிற பெட்டி, இந்தா 103 காலியாக இருக்கிறது என்று நீட்டும். இது ஆஃபர். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டர் கேட்கும், ரிக்வெஸ்ட். எழுதிக்கொண்டேன், உனக்கு இத்தனை மணி நேரம் என்று பெட்டி முடிக்கும், அக்னாலட்ஜ். கேட்வே எது, டிஎன்எஸ் எது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லிவிடும். யுடிபி 67, 68 என்ற இரண்டு கதவுகள் வழியாக இந்த நான்கு பேச்சும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

லாட்ஜில் ரூம் எடுப்பது மாதிரிதான். சென்ட்ரல் பக்கம் 24 மணி நேரக் கணக்கில் ரூம் தருவார்கள் இல்லையா, இங்கேயும் அப்படி ஒரு கெடு உண்டு, லீஸ் என்று பேர். கெடுவில் பாதி ஆனதுமே, இன்னும் இருக்கிறேன் என்று கம்ப்யூட்டரே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி நீட்டித்துக்கொள்ளும். பதில் இல்லாவிட்டால் எட்டில் ஏழு பங்கு ஆகும்போது, யாராவது நீட்டித்துத் தருவீர்களா என்று பொதுவாகக் கேட்கும்.

இப்போது ஒரே லாட்ஜில் இரண்டு பேர் கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்தால்? முதலில் சாவியை நீட்டுகிறவரிடம்தான் வாங்கும். உங்கள் ஃபைபர் பெட்டி முழித்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். இன்னொரு பெட்டி அதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. அதனால்தான் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர்கள் அந்தப் பக்கம் சாய்கின்றன. அங்கே வாங்கிய சாவி எந்தக் கதவையும் திறக்காது, ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு நெட்டே இல்லை.

கடையில் ஃபைபர் பெட்டி தவிர, வயர் சொருகிய வேறு பெட்டி ஏதாவது இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள்.

ரசீதுக்கடை | திங்கள், மாலை 4:02

வேறு ரவுட்டர் எதுவும் இல்லை. சில வயர்கள் போய்ச் சேரும் சுவிட்ச் ஒன்று உண்டு, அவ்வளவுதான். அக்கா பையன் வாங்கி வந்து மாட்டியது.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், மாலை 4:06

அந்த சுவிட்சுக்குக் கொம்பு, அதாவது வைஃபை ஆன்டெனா, இருக்கிறதா?

ரசீதுக்கடை | திங்கள், மாலை 4:09

பீரோவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டூல் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆள் இருக்கும்போது ஏற முடியாது, கடை மூடும்போது பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், மாலை 4:15

சரி, ஏறும் முன் ஒன்று செய்யுங்கள். 2ம் நம்பரில் ஏஆர்பி, இடைவெளி, சிறுகோடு, ஏ என்று அடியுங்கள். 192.168.0.1க்கு நேரே ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக ஒன்று வரும். அது மேக் முகவரி. குறித்துக்கொண்டு, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். கடைசி ஓர் எழுத்து முன்பின்னாக இருந்தாலும் அதே பெட்டிதான்.

பெரம்பூர்_லோகோ | திங்கள், மாலை 5:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சாயலில் ஒரு பிரச்சினை. டியூஷன் சென்டர் நடத்துகிறேன். காலை பேட்ச் பிள்ளைகள் போன் எல்லாம் வைஃபையில் சேர்ந்துவிடும். மாலை பேட்ச் வந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ஐபி பெறுகிறது, பெறுகிறது என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே இருப்பது ஒரே ரவுட்டர்தான், சத்தியமாக.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், மாலை 5:52

ரவுட்டரில் டிஹெச்சிபி பக்கத்தைத் திறந்தால் ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு முகவரி, லீஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும். அவை என்ன?

பெரம்பூர்_லோகோ | திங்கள், மாலை 6:10

192.168.0.100 முதல் 192.168.0.149. லீஸ் 1440.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், மாலை 6:18

1440 நிமிடம் என்றால் ஒரு நாள். உங்களிடம் இருப்பது 50 முகவரி. காலையில் வந்த 40 பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாலும், அவர்கள் பெயரில் 40 முகவரி மறுநாள் காலை வரை பூட்டியே கிடக்கும். மாலைக்கு மிஞ்சுவது பத்து. லீஸை 120 ஆக்குங்கள், எண்ட்டை 230க்குத் தள்ளுங்கள். 255.255.255.0 மாஸ்க்கில் மொத்தம் 254 முகவரிக்கு இடம் இருக்கிறது, அதில் 50ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஏன் திண்டாட வேண்டும்? பிள்ளைகளுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, உங்கள் கேள்வித்தாள் இருக்கும் கம்ப்யூட்டரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பெரம்பூர்_லோகோ | திங்கள், மாலை 6:20

கடைசி வரி சுருக்கென்று இருந்தது. இன்றைக்கே மாற்றுகிறேன்.

ரசீதுக்கடை | திங்கள், இரவு 9:25

ஸ்டூல் போட்டு ஏறினேன். இரண்டு கொம்பு இருக்கிறது. ஒன்று உடைந்து செலோடேப் சுற்றியிருக்கிறது. பின்பக்கம் மஞ்சள் நிறத்தில் நான்கு ஓட்டை, எல்லாவற்றிலும் வயர். நீல நிறத்தில் ஒன்று, காலி. ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் 2ம் நம்பரில் வந்ததும் ஒன்றேதான்.

அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "வீட்டுல சும்மா கெடந்துச்சு சித்தி, சுவிட்சுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்னு பழைய ரவுட்டரையே மாட்டிட்டேன்" என்கிறான். நான் கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு சிக்னல் சரியில்லை.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | திங்கள், இரவு 9:31

பையனுக்கு மட்டும் அன்றைக்கு பர்மா கடை அத்தோ, மொய்ங்கா எல்லாம் தானாகவே கிடைத்திருக்கும்.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், இரவு 9:50

மாட்டியதில் தப்பில்லை அக்கா, சுவிட்ச் வேலையை அது நன்றாகவே செய்கிறது. கவுன்ட்டரை மூடாமல் விட்டதுதான் தப்பு.

இப்படிச் செய்யுங்கள், வரிசை முக்கியம். அந்தப் பெட்டியிலிருந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் மஞ்சள் ஓட்டையில் மாட்டுங்கள். பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். முதலில் லேன் என்ற இடத்தில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக மாற்றி சேவ் செய்யுங்கள். பெட்டி ஒரு முறை அணைந்து எழும். எழுந்த பிறகு 192.168.1.2 என்று அடித்து மறுபடி உள்ளே போய், அப்போதுதான் டிஹெச்சிபி சர்வரை டிசேபிள் செய்ய வேண்டும். அவசரப்பட்டு டிஹெச்சிபியை முதலில் அணைத்தீர்கள் என்றால், பெட்டி அணைந்து எழும்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு நம்பர் கொடுக்க ஆள் இருக்காது, 169.254க்குப் போய் நிற்கும், உள்ளே திரும்ப வழி தெரியாது. நானே ஒரு கிளியரிங் ஆபீஸில் இப்படி மாட்டிக்கொண்டு, கடைசியில் பின்னால் இருக்கும் குட்டி ரீசெட் துளையில் ஊசி குத்தி மறுபடி ஆரம்பித்தேன்.

உள்ளே இருக்கும்போதே அதன் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். பிறகு வயர்களைப் பழையபடி மஞ்சளிலேயே மாட்டுங்கள். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரும் மஞ்சளில்தான், நீலத்தில் வேண்டாம். நீலத்தில் போட்டால் ஃபைபர் பெட்டி கொடுக்கும் நம்பர் இந்தப் பெட்டியைத் தாண்டி வராது, பிரின்டர் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம் என்று வீடு இரண்டாகப் போகும்.

கடைசியாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் சாய்கோடு ரிலீஸ், அப்புறம் ஐபிகான்ஃபிக் சாய்கோடு ரினியூ. பழைய நம்பரை விட்டுவிட்டுப் புதிது வாங்கும்.

பழைய_கேபிள் | திங்கள், இரவு 10:15

கேட் தம்பி விஷயம் தெரிந்தவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறேன், இதையே கையால் போட்டிருந்தால் எத்தனை கவுன்ட்டர் இருந்தால் என்ன? கம்ப்யூட்டர் யாரிடமும் கேட்கவே கேட்காது. நேற்று முளைத்த டிஹெச்சிபியை நம்பி ஆறு சிஸ்டத்தை விடுவதா?

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், இரவு 10:31

அண்ணே, நேற்று முளைத்ததா? 1985லேயே பூட்பி என்று இதன் அண்ணன் வந்துவிட்டார். டிஹெச்சிபி 1993ல், இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 2131 என்ற விதி ஆவணம் வந்தது 1997ல். பாரிமுனை பிரவுசிங் சென்டர்களை விட இவர் மூத்தவர்.

கையால் போட்டால் நம்பர் அசையாது என்பது சரிதான். ஆனால் இந்த இழையின் முதல் பதிவைப் பாருங்கள். இணைப்பு மாறியதும் ஆறிலும் கை வைக்க வேண்டி வந்தது, எது எங்கே என்ற கணக்கு சுவரோடு போயிற்று. நாளைக்கு ஒரு ஆடிட்டர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தால், அவருக்கும் ஒரு நம்பர் தேடி, அது வேறு யாரிடமும் இல்லை என்று உறுதிசெய்து போட வேண்டும். அவர் வீட்டுக்குப் போனால் அங்கே அவருக்கு நெட் வராது.

பழைய_கேபிள் | திங்கள், இரவு 10:47

பிரின்டர்? அதற்கும் தானாகவா? இன்றைக்கு 105, நாளைக்கு 111 என்று பிரின்டர் மாறினால் ஆறு கம்ப்யூட்டரும் பழைய விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ரவுட்டர் செத்துப்போனால்? மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஆன் செய்தால் எல்லாம் 169.254. பிரின்டர் மட்டும் 192.168ல் தனியாக உட்கார்ந்திருக்கும். நெட் இல்லாவிட்டாலும் பில் போட்டு பிரின்ட் எடுக்கிற கடை அதோடு நின்றுவிடும். கையால் போட்டிருந்தால் வெறும் சுவிட்சை வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டலாம். இதை நான் கண்ணால் பார்த்தவன், எம்.சி. ரோடில், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

கொருக்குப்பேட்டை_கேட் | திங்கள், இரவு 11:02

அந்த ரவுட்டர் கணக்கில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி அண்ணே. லீஸ் பாக்கி இருந்தாலும், விண்டோஸ் எழும்போது நம்பர் கொடுத்தவரும் இல்லை, கேட்வேயும் பதில் சொல்லவில்லை என்றால் தானே 169.254க்குப் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் ரசீதுக்கடை அக்காவுக்கு என் யோசனை: கணக்கு டேட்டா இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் கையால் போடலாம். மற்றவை தானாக. ஆனால் ஒரு விஷயம். ரவுட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால், கையால் போடுவது அதற்கு வெளியே, 50, 51 என்று இருக்க வேண்டும். பிரின்டருக்கு 105 என்று போட்டுவிட்டு வந்தால், ஒரு நாள் அந்த 105ஐ ரவுட்டர் யாருடைய போனுக்கோ கொடுத்துவிடும். அன்றைக்கு பிரின்ட் ஒரு முறை வரும், ஒரு முறை வராது. காரணம் கண்டுபிடிப்பதற்குள் முடி நரைத்துவிடும்.

கேமரா பெட்டிக்கு ரவுட்டரிலேயே ரிசர்வேஷன் போட்டுக்கொள்ளலாம். இந்த மேக் வந்தால் இந்த நம்பர் என்று ரவுட்டரிடம் ஒரு முறை சொல்லி வைப்பது. பெட்டி தானாகத்தான் கேட்கும், கிடைப்பது மட்டும் எப்போதும் ஒன்றே. போனுக்கு இதைப் போட நினைத்தால் கவனம், இப்போதைய போன்கள் வைஃபையில் தங்கள் சொந்த மேக்கைக் காட்டாமல் ஒரு பொய் மேக்கைக் காட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் இப்படி.

பழைய_கேபிள் | திங்கள், இரவு 11:10

பிரின்டருக்குக் கையால் என்று ஒத்துக்கொண்டீர்களே, போதும். தூங்கப் போகிறேன்.

உப்புக்காத்து | செவ்வாய், காலை 7:40

எல்லோரும் ஆறாவது கம்ப்யூட்டரை மறந்துவிட்டீர்கள். காசிமேட்டில் ஐஸ் ஆபீஸ் ஒன்றுக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்ப்பவன், 169.254 என் சொந்தக்காரன் மாதிரி. அது யாரும் கொடுத்த நம்பர் இல்லை. கேட்டுக் கேட்டு யாரும் பதில் சொல்லாததால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பேர். இரண்டு கவுன்ட்டர் இருந்தும் ஒருவரும் காதில் வாங்கவில்லை என்றால், கேட்ட குரலே வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் தற்காலிகமாகக் கையால் 192.168.1.60, மாஸ்க் 255.255.255.0 போட்டு, 192.168.1.1க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளை) அடியுங்கள். பதில் வந்தால் வயர் நன்றாக இருக்கிறது, உள்ளே டிஹெச்சிபி கிளையன்ட் என்ற சர்வீஸ் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பதில் வராவிட்டால் வயரைப் பாருங்கள். எங்கள் பக்கம் பத்துக்கு எட்டு வயர்தான்.

ரசீதுக்கடை | செவ்வாய், காலை 10:50

பிங் பதில் வரவில்லை. வயர் ஜன்னல் ஓரமாக வருகிறது. உருவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுக் கம்பியில் மூன்று பச்சையாகப் பூத்திருக்கிறது, கோயில் குத்துவிளக்கைத் துலக்காமல் விட்ட மாதிரி. சொருகினால் விளக்கு ஒரு முறை மினுக்கிவிட்டு அணைகிறது.

உப்புக்காத்து | செவ்வாய், காலை 10:58

அதேதான். கடல் காத்து. முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் கம்பி செம்பு நிறமாக இல்லாமல் உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது, வயரையே மாற்றிவிடுங்கள். ஜன்னலை விட்டுச் சுவர் ஓரமாக இழுங்கள்.

ரசீதுக்கடை | செவ்வாய், மாலை 6:35

கேட் தம்பி சொன்ன வரிசையிலேயே செய்தேன். பழைய பெட்டியின் பாஸ்வேர்ட் ஸ்டிக்கரிலேயே இருந்தது. 192.168.1.2 ஆக்கினேன், அணைந்து எழுந்தது, உள்ளே போய் டிஹெச்சிபியை அணைத்தேன். ஆறாவது வயருக்கு முனை மாற்றினார்கள், உள்ளே செம்புதான். ஐந்து கம்ப்யூட்டர் சரி.

3ம் நம்பர் மட்டும் அடம் பிடிக்கிறது. ஐபி 192.168.1.104 என்று சரியாக வந்திருக்கிறது, பிரின்ட் போகிறது, ஆனால் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை. எந்தத் தளமும் திறக்கவில்லை.

கொருக்குப்பேட்டை_கேட் | செவ்வாய், மாலை 6:44

கூகுளின் 8.8.8.8க்கு பிங் போகிறதா?

ரசீதுக்கடை | செவ்வாய், மாலை 6:47

போகிறது. நான்கு பதில் வந்தது.

கொருக்குப்பேட்டை_கேட் | செவ்வாய், மாலை 6:52

அப்படியென்றால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. ஐபிகான்ஃபிக் ஆல் போட்டு டிஎன்எஸ் வரியைப் பாருங்கள். பழைய கம்பெனியின் எண் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஐபியைத் தானாக மாற்றியபோது டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டீர்கள். பழைய கம்பெனி தன் வாடிக்கையாளருக்குத்தான் பதில் சொல்லும், நீங்கள்தான் இப்போது அங்கே இல்லையே. நேற்று சொன்ன இரண்டாவது எடிட் நினைவிருக்கிறதா?

ரசீதுக்கடை | செவ்வாய், மாலை 7:01

அதேதான். இரண்டாவது வட்டத்தை மாற்றியதும் திறந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவருக்கு 3பி போட்டு அனுப்பிவிட்டேன்.

பிரின்டருக்கு 50, கணக்குக் கம்ப்யூட்டருக்கு 51, கையால் போட்டாயிற்று. பழைய கேபிள் அண்ணே, பெயின்ட் இல்லை, அட்டையில் எழுதி லேமினேட் செய்து மாட்டியிருக்கிறேன். கடையில் அந்த மெஷின் இருக்கிறதே.

பழைய_கேபிள் | செவ்வாய், மாலை 7:20

நல்லது அம்மா. மாற்றிய தேதியையும் எழுதி வையுங்கள்.

மணலி_மாணவன் | செவ்வாய், இரவு 8:05

என் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, உபுன்டு லினக்ஸ். ரினியூ எப்படி?

கொருக்குப்பேட்டை_கேட் | செவ்வாய், இரவு 8:12

வயர்ட் செட்டிங்ஸில் ஐபிவி4 பக்கத்தில் ஆட்டோமேட்டிக் டிஹெச்சிபி. மாற்றியதும் இணைப்பை ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் டிசிபி/ஐபி பக்கத்திலேயே ரினியூ லீஸ் என்று பொத்தான் இருக்கிறது.

ரசீதுக்கடை | புதன், பிற்பகல் 2:30

இப்போதுதான் கரண்ட் போய் வந்தது. ஆறிலும் போய்ப் பார்த்தேன். எல்லாமே 192.168.1. ஒன்று கூட அந்தப் பக்கம் போகவில்லை.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | புதன், பிற்பகல் 2:41

முதலிலேயே சொன்னேனே, ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று.

ரசீதுக்கடை | புதன், பிற்பகல் 2:44

தம்பி, நீங்கள் சொன்னதைச் செய்த அன்றைக்குத்தான் மூன்றாவது கம்ப்யூட்டர் படுத்தது. கடைக்கு வந்தால் டீ உண்டு, ரவுட்டர் பக்கம் மட்டும் போகக் கூடாது.